கோட்டு இல்லாமல் கப்பலேறிய ஐயர்

நாகர்கோவிலிலிருந்து அஞ்சுகிராமம் போகும் சாலையில் மயிலாடி இருக்கிறது. இன்று கல்சிற்பங்களுக்குப் பேர்போன ஊர். பட்டறைகளில் உளிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஊரின் சி.எஸ்.ஐ. ஆலயத்துக்கு இரண்டு மனிதர்களின் பெயரைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் ரிங்கல்தௌபே, மற்றவர் வேதமாணிக்கம். முன்னவர் ஜெர்மானிய மொழி பேசிய வெள்ளைக்காரர். பின்னவர் அதே மயிலாடியில் பிறந்த சாம்பவர். முன்னவரைப் பற்றி ஞாயிறு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனாலும் பொதுவாகச் சொல்லப்படும் கதையில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதியையும் சேர்த்து இந்த வாரம் பார்ப்போம்.

முதலில் மாணவர்களுக்கு ஒரு விளக்கம். குமரி மாவட்டத்துப் பெரியவர்கள் அவரை ரிங்கல்தௌபே ஐயர் என்றே சொல்வார்கள். அந்தக் காலத்தில் மிஷனரிகளை ஐயர் என்று அழைப்பது வழக்கம். போப் ஐயர், கால்டுவெல் ஐயர் என்பதைப் போல. அது மரியாதைச் சொல், சாதிப் பெயர் அல்ல.

வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே 1770ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சிலேசியாவில் பிறந்தார். அன்று பிரஷ்ய அரசின் கீழ் இருந்த அந்தப் பகுதி இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. தகப்பனார் லூத்தரன் போதகர். பட்டினி தெரியாத, படிப்பு உள்ள வீடு. மூத்த மகன் ஹாலே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்தார். தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்குவும் அதே ஹாலேயில் படித்தவர்தான். நம் கடற்கரைக்கும் அந்த ஊருக்கும் அப்போதே நூறு வருடப் பழக்கம் இருந்தது.

ஊரிலேயே இருந்திருந்தால் தகப்பனாரைப் போல ஒரு நல்ல சபையும் கல்வீடும் மரியாதையும் கிடைத்திருக்கும். அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டு 1797இல் கல்கத்தாவுக்கு வந்தார். ஆனால் அந்த முதல் முயற்சி தோற்றுப்போனது. இரண்டு வருடம் நிறையும் முன்பே வேலையை விட்டுவிட்டு ஐரோப்பாவுக்குத் திரும்பினார். அனுப்பிய சங்கத்துக்கு அவர்மேல் வருத்தம். மிஷனரி வரலாறு எழுதியவர்கள் இதை ஒன்றிரண்டு வரியில் கடந்துபோவார்கள். நமக்கு இது முக்கியமாகப் படுகிறது. கடவுளுக்காக எல்லாவற்றையும் விட்டவர் என்று பெயரெடுத்த இந்த மனிதர், முதலில் அந்த வேலையையே விட்டுவிட்டு ஓடியவர். அவர் பிறவித் துறவி அல்ல. கோபமும் சோர்வும் உள்ள, மனம் நிலைகொள்ளாத ஆள். அவர் எழுதிய கடிதங்களிலேயே அது தெரிகிறது.

பிறகு லண்டன் மிஷனரி சங்கத்தில் சேர்ந்தார். 1804 டிசம்பரில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். கூட வந்தவர்களில் கிரானும் தே கிராஞ்சும் விசாகப்பட்டினம் போனார்கள். தெலுங்கில் வேதாகமத்தை மொழிபெயர்க்கத் தொடங்கி, இருவரும் ஐந்தாறு வருடங்களுக்குள் இறந்துபோனார்கள். ரிங்கல்தௌபே தரங்கம்பாடியில் தங்கித் தமிழ் படித்தார். எங்கே போவது என்று அவருக்கே தெளிவில்லாத காலம் அது. அவரைத் தெற்கே இழுத்தது ஒரு சாம்பவரின் வேண்டுகோள்.

கதையின் மீதிப் பாதி இங்கேதான் இருக்கிறது.

மயிலாடியில் மகராசன் என்றொருவர் இருந்தார். பக்தியில் தோய்ந்த மனிதர். 19ஆம் நூற்றாண்டு தொடங்கும் வேளையில் மயிலாடியிலிருந்து சிதம்பரத்துக்கு யாத்திரை கிளம்பினார். நந்தனாரைத் தீயில் இறக்கிய கதையுள்ள அதே சிதம்பரம். அன்றைக்கு ஒரு சாம்பவர் அங்கே போய்ச் சேர்ந்தாலும் வெளியே நின்று கும்பிடத்தான் முடியும். அங்கே கண்ட ஒரு கனவு அவரை மாற்றியது என்று சபை மரபு சொல்கிறது. கனவோ, வாசலில் நின்ற அனுபவமோ, அவர் வந்த வழியே திரும்பவில்லை. தஞ்சாவூர் பக்கம் கிறிஸ்தவர்களாகியிருந்த உறவினர்களிடம் போனார். அங்கே கோலாப் ஐயரின் பிரசங்கத்தைக் கேட்டார். ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார்.

தஞ்சாவூரிலும் தரங்கம்பாடியிலும் அந்த நாளில் சபைக்குள் சாதி இல்லாமல் இல்லை. வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கமும் பறையர் கிறிஸ்தவர்கள் இன்னொரு பக்கமும் உட்கார்ந்த கோயில்கள்தான் அவை. வேதமாணிக்கத்தின் கண்ணில் அது படாமல் இருந்திருக்காது. இருந்தும் உள்ளே வரலாம் என்று சொன்ன ஒரு வாசல் அது. மயிலாடிக்குத் திரும்பியவர் தன் சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்து ஜெபம் நடத்தினார். வெள்ளைக்காரர் எவரும் அந்த ஊரில் கால் வைக்கும் முன்பே மயிலாடியில் ஒரு சபை இருந்தது. இதை மாணவர்கள் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குமரி மாவட்டத்தில் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தவர் யார் என்று கேட்டால், சிதம்பரத்துக்குக் கிளம்பி வேறு வழியில் திரும்பி வந்த ஒரு சாம்பவர் என்பதே சரியான விடை.

ஊரில் எதிர்ப்பு வந்தது. குடும்பங்களை எல்லாம் கூட்டிக்கொண்டு தஞ்சை நாட்டுக்கே போய்விடலாமா என்றும் யோசித்தார்கள். அதைவிட, ஒரு போதகரை இங்கே அழைத்து வருவது நல்லது என்று தோன்றியது. அந்த அழைப்புதான் ரிங்கல்தௌபேயின் காதில் விழுந்தது.

1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அவர் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். மயிலாடியில் நூற்றுக்கணக்கானோர் வசனம் கேட்கக் காத்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். வந்து பார்த்தால் சில குடும்பங்களை ஒரு மணி நேரம் உட்கார வைப்பதே பெரும்பாடாக இருந்தது. அந்த ஏமாற்றத்தைத் தன் நாட்குறிப்பில் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். வயலிலிருந்து இருட்டின பிறகே வீடு திரும்பும் சனங்களால் ஒரு மணி நேரம் உட்கார முடியாதது ஏன் என்று அவருக்கு அன்று புரியவில்லை. பின்னால் கொஞ்சம் புரிந்திருக்கலாம்.

அன்றைய திருவிதாங்கூர் எப்படி இருந்தது? பறையரையும் புலையரையும் நிலத்தோடு சேர்த்து விற்கலாம், ஒற்றிக்கு வைக்கலாம், பாட்டத்துக்கு விடலாம். அவர்கள் நடக்கக்கூடாத பாதைகள் இருந்தன, நெருங்கக்கூடாத தூரங்கள் இருந்தன. இடுப்புக்கு மேலே உடுத்தக்கூடாது. அடிமையாக இல்லாத ஒடுக்கப்பட்ட சாதியாருக்கும் தலைவரி உண்டு, ஊழியம் உண்டு. 1812இல் அடிமைகளை வாங்கி விற்பதைத் தடுக்கும் ஓர் அரசாணை வந்தது. நிலத்தோடு கட்டுண்ட அடிமைகள் அதில் சேரவில்லை. பெரும்பான்மையோர் அப்படிக் கட்டுண்டவர்கள்தாம். முழு விடுதலை என்று ஒன்று சட்டத்தில் வருவதற்கு 1855 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஊழியம் என்ற சொல்லைப் பற்றி ஒரு நிமிடம் பேச வேண்டும். இன்று கிறிஸ்தவ வீடுகளில் ஊழியம் என்றால் இறைப்பணி. ஊழியக்காரர் என்றால் போதகர். அன்றைய திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலியில்லா வேலை. அரசாங்கத்துக்கும் கோயிலுக்கும், பிராமணர்களுக்கு இலவசச் சாப்பாடு போடும் ஊட்டுப்புரைக்கும் கூப்பிட்ட நேரத்தில் போய்ச் சுமக்க வேண்டும். தன் வயிற்றுக்குத் தேடும் வேலையைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். மறுத்தால் அடி. ஒரே சொல்தான். ஒருவர் விரும்பி ஏற்றுக்கொண்ட ஊழியத்துக்காகக் கடல் கடந்து வந்தார். அவர் தேடி வந்த சனங்களோ தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்ட ஊழியத்திலிருந்து தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்தார்கள். ரிங்கல்தௌபேயின் பத்து வருட வாழ்க்கையில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

ஆலயம் கட்ட அனுமதி வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த கர்னல் மெக்காலேயைப் போய்ப் பார்த்தார். (பாடப்புத்தகத்தில் ஆங்கிலக் கல்வியோடு சேர்த்துப் படிக்கும் மெக்காலே வேறு. அவருக்கு இவர் பெரியப்பா முறை.) மெக்காலேக்கு இரக்கம் இருந்தது. திவான் வேலுத்தம்பிக்கு இசைவில்லை. அனுமதி இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் கம்பெனிக்கும் வேலுத்தம்பிக்கும் பகை முற்றி, 1809 ஜனவரியில் குண்டறை பிரகடனம் வெளியானது. வெள்ளையனை எதிர்த்த வீர முழக்கமாக இன்றும் அது கொண்டாடப்படுகிறது. எதிர்ப்பு உண்மைதான். ஆனால் அந்தப் பிரகடனம் எதைச் சொல்லி மக்களைத் திரட்டியது என்று ஒடுக்கப்பட்டோர் பக்கமிருந்து ஒருமுறை படிக்க வேண்டும். வெள்ளையர் ஆட்சி வந்தால் கோயில்களில் சிலுவை ஏறும், சாதி கெடும், பிராமணப் பெண்களைச் சாதி பார்க்காமல் மணமுடிக்க வைப்பார்கள் என்பதெல்லாம் அதில் சொல்லப்பட்ட பயங்கள். யாருடைய நாடு பறிபோகிறது என்று அழுதார்கள் என்பது அதிலேயே தெரியும்.

கிளர்ச்சி அடக்கப்பட்டது. அந்த ஆண்டே மயிலாடியில் ஆலயம் எழுந்தது. பீரங்கி போட்ட பாதையில்தான் அனுமதி வந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. கம்பெனிக்காரர்கள் வரி வசூலிக்க வந்தவர்கள், சாதி ஒழிக்க வந்தவர்கள் அல்ல. ஆனாலும் தங்களுக்கென்று ஒரு கூரையும், உட்கார ஒரு தரையும், எழுத்துச் சொல்லித்தரும் ஒரு பள்ளியும் சாம்பவர்களுக்கு அந்த ஊரில் அதற்கு முன் கிடைத்ததில்லை. மயிலாடியில் அன்று தொடங்கிய அந்தப் பள்ளியிலிருந்துதான், நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் வயதை 1809 முதல் கணக்கிடுகிறது. அந்தக் கல்லூரி வாசலில் நுழையும் மாணவர்களில் எத்தனை பேருக்கு மயிலாடிச் சேரியோடு அதற்குள்ள உறவு தெரியும்?

இனி அவர் வாழ்ந்த விதம். இதை அவரைச் சேர்ந்தவர்கள் மட்டும் எழுதவில்லை, அவர் போக்கை விமர்சித்தவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். அவர் குடியிருந்தது ஒரு சின்னக் குடிசை. உள்ளே படுக்கவும் உட்காரவும் வேண்டிய ஒன்றிரண்டு சாமான்களுக்கு மேல் எதுவுமில்லை. சங்கம் அனுப்பிய சம்பளத்தை வாங்கிய கையோடு ஏழைகளுக்குக் கொடுத்துத் தீர்த்தார். உடுத்தியிருந்ததில் ஐரோப்பாவில் செய்த துணி என்று ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது. எப்போதாவது பாளையங்கோட்டைக்குப் போனால் அங்கிருக்கும் நண்பர் யாராவது ஒரு கோட்டைக் கொடுத்து மாட்டிவிடுவார்கள். அடுத்தமுறை வரும்போது அது இருக்காது.

ஒரு வெள்ளைக்காரர், அதுவும் பாதிரியார், அன்றைய இந்தியாவில் கோட்டு இல்லாமல் நடமாடுவது சின்ன விஷயமல்ல. கோட்டும் தொப்பியும் பல்லக்கும் அவர்களுடைய அதிகாரத்தின் அடையாளம். அவரைச் சுற்றி இருந்தவர்களுக்கோ மேலே துணி போடுவது குற்றம். மேலாடை மறுக்கப்பட்ட மக்களுக்கு நடுவில், மேலாடையைத் தானாகக் கழற்றிக் கொடுத்த ஒருவர் இருந்திருக்கிறார். அவர் இதைப் போராட்டமாக நினைத்துச் செய்யவில்லை. அவருக்குத் தன்னைப் பற்றிய நினைப்பே இல்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். மனம் முழுவதும் வேறு இடத்தில் இருந்தது. உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வா என்று இயேசு சொன்னபோது துக்கத்தோடு திரும்பிப் போன பணக்கார இளைஞனைப் பற்றி ஆயிரம் பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். திரும்பிப் போகாதவர்களைக் கண்ணால் பார்ப்பது அபூர்வம்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மயிலாடியைச் சுற்றித் தாமரைக்குளம் போன்ற ஊர்களில் ஆறேழு சபைகள் உருவாயின. நாடார் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. அந்தச் சபைகளுக்கெல்லாம் முறைவைத்துப் போய்வந்தார். சில காலம் உதயகிரியில் தங்கியிருந்து அங்கிருந்தும் சுற்றினார். வழித்துணையும் வழிகாட்டியும் வேதமாணிக்கம். எந்த ஊரில் யாரிடம் பேச வேண்டும், எந்தப் பாதையில் தங்கள் சனம் நடக்கலாம், எந்தப் பாதையில் நடந்தால் அடி விழும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

எல்லாம் சரி. ரிங்கல்தௌபேயோடு நாம் சண்டை போட வேண்டிய இடமும் ஒன்று இருக்கிறது.

சபைக்கு வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்ற கேள்வி அவரை அரித்துக்கொண்டே இருந்தது. ஊழியத்திலிருந்து தப்பலாம், தலைவரியிலிருந்து விடுபடலாம், வழக்கு வியாஜ்யத்தில் ஐயர் துணை நிற்பார் என்ற எண்ணத்தில் வருகிறார்கள் என்று அவருக்கு வருத்தம். கிறிஸ்தவரானாலும் வரி கட்டத்தான் வேண்டும் என்று சொல்லிவிடுவார். ஞானஸ்நானம் கொடுக்க அவசரப்படமாட்டார். ஒரு கட்டத்தில் சுமார் 600 பேர் சபையில் இருந்தபோது, உண்மையாகவே ஆத்தும ரட்சிப்பைத் தேடுகிறவர்கள் அதில் மூன்று நான்கு பேர் தேறலாம் என்று எழுதினார்.

இந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு வலிக்கிறது. கடவுளுக்காகச் சுகத்தை விட்டவர் அவர், சரி. விடுவதற்கு அவரிடம் சுகம் இருந்தது. சிலேசியாவில் ஒரு வீடு இருந்தது, படிப்பு இருந்தது, வேண்டுமென்றால் திரும்பிப் போகக் கப்பல் இருந்தது. முதுகில் சுமையோடு நிற்கிறவன் அதை இறக்கி வைக்க இடம் தேடினால் அது உலக ஆசையா? எகிப்தில் செங்கல் சுமந்த இஸ்ரவேலர் அழுதது எதற்காக? அந்த அழுகையைக் கேட்டு இறங்கி வந்தவர்தானே வேதாகமத்தின் கடவுள்! மயிலாடிச் சனங்கள் அந்தக் கடவுளைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்று நாம் நினைக்கிறோம். அந்த இடத்தில் ஐயர்தான் தவறவிட்டார்.

இன்னொன்றையும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை. கிறிஸ்தவரானால் சலுகை கிடைக்கும் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது அடிதான். நிலத்துக்காரன் விரட்டினான், உறவு ஒதுக்கியது. 1809 கிளர்ச்சியின்போது உயிர்ப்பயத்தில் இருந்தார்கள். அதற்குப் பிறகும் அவர்கள் விட்டுப் போகவில்லை. கர்னல் மன்றோ காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கிறிஸ்தவர்களை ஊழியத்துக்குக் கூப்பிடக்கூடாது என்று உத்தரவு வந்தது. வாரத்தில் ஒரு நாள். அதுவும் காகிதத்தில். மற்ற ஆறு நாட்களும் சுமந்துவிட்டு ஏழாம் நாள் கோயிலுக்கு வந்த சனங்களின் பக்தியை அளக்க மூன்று நான்கு என்ற எண்ணிக்கை போதாது.

இந்தக் கேள்வி இரண்டு நூற்றாண்டுப் பழசு என்று தள்ளிவிட முடியாது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரானவர் பட்டியல் சாதியில் இல்லை. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அந்த ஆணை திருத்தப்பட்டது. கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் இல்லை. சேரி மாறவில்லை, கல்லறைப் பாகுபாடு மாறவில்லை, சான்றிதழ் மட்டும் மாறிவிடுகிறது. படிப்பும் வேலையும் போகும் என்று தெரிந்தே, பெயரை மறைக்காமல், ஞானஸ்நானச் சீட்டைப் பெட்டியில் பூட்டாமல் வாழும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் நம் கிராமங்களில் இருக்கின்றன. பெயரை மறைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களைக் குறைசொல்ல நமக்கு மனமில்லை. சலுகைக்காக மதம் மாறினார்கள் என்று வாய்கூசாமல் பேசுகிறவர்கள், உரிமையை இழந்தும் விசுவாசத்தில் நிற்கிறவர்களை ஏன் பார்ப்பதில்லை என்பதே நம் கேள்வி.

ரிங்கல்தௌபேயின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த மூன்று நான்கு கணக்கில் அவர் தன்னையும் சேர்த்துத்தான் எடைபோட்டார். தன் வேலையைப் பற்றி அவருக்குப் பெருமை இருந்ததில்லை. தன்னால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம்தான் மிகுதி. ஊருக்கு எழுதும் அறிக்கையில் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டிப் பணம் வாங்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. 600 பேர் என்று எழுதிவிட்டு நிறுத்தியிருந்தால் லண்டனில் கைதட்டியிருப்பார்கள். அடுத்த வரியையும் எழுதினார். சனங்களை நம்பாததில் அவரோடு நமக்குச் சண்டை இருந்தாலும், பொய் சொல்லாததில் அவரை மதிக்கத்தான் வேண்டும். நம்பாமலிருந்தும் கொடுப்பதை அவர் நிறுத்தவில்லை என்பது அதைவிடப் பெரிய விஷயம். உன் பக்தி உண்மையா என்று கேட்டுவிட்டுக் காசு கொடுத்தவர் அல்ல.

உடம்பு கெட்டது. கல்லீரல் நோய். 1816 தொடக்கத்தில் மயிலாடியை விட்டுக் கிளம்பினார். ஏன் இவ்வளவு திடீரென்று என்பது பலருக்கும் விளங்கவில்லை. போகும் முன் சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். தன் அங்கியை அவருக்கு அணிவித்தார் என்று மயிலாடிச் சபையின் நினைவில் இருக்கிறது. வெள்ளைக்கார மிஷனரிகள் ஒரு தமிழரைப் பொறுப்பில் வைக்கவே தயங்கிய காலம். அப்போது அவர் ஒரு சாம்பவரை நிறுத்திவிட்டுப் போனார். பணத்தையும் துணியையும் கொடுத்தவர்கள் நிறைய உண்டு. அதிகாரத்தைக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்?

சென்னையில் அவரைக் கடைசியாகப் பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். கடற்பயணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மேலே போட ஒரு கோட்டு இல்லை. தலையில் நாட்டுக் கைவேலையில் முடைந்த தொப்பி ஒன்று. ஆள் நிலைதவறிவிட்டாரோ என்று சிலர் நினைத்தார்கள். பத்து வருடம் குடிசையில் இருந்து, கைக்கு வந்ததையெல்லாம் கொடுத்துத் தீர்த்து, நோயோடு நிற்கும் ஒரு மனிதரைச் சென்னைப்பட்டணத்துக் கனவான்கள் வேறு எப்படிப் பார்ப்பார்கள்? கொழும்புக்குப் போனார். அங்கிருந்து மலாக்கா. மலாக்காவிலிருந்து பத்தாவியா பக்கம் கப்பலேறினார் என்பதோடு செய்தி நின்றுவிடுகிறது. அப்போது வயது 46. எந்தக் கடலில், எந்தக் கரையில் இறந்தார் என்று யாருக்கும் தெரியாது. அவருக்குக் கல்லறை இல்லை.

அடுத்த மிஷனரி மீட் ஐயர். (பின்னாளில் சாம்பவர் குடும்பத்துப் பெண்ணை மணந்ததற்காகச் சங்கத்தை விட்டே வெளியேற நேர்ந்தவர் இவர். அது தனிக்கதை, இன்னொரு வாரம் எழுதுவோம்.) பினாங்கில் தங்க நேர்ந்து, மனைவியை அங்கே அடக்கம் செய்துவிட்டு, அவர் குமரிக் கரைக்கு வந்து சேர 1818 ஆகிவிட்டது. இடையில் ஏறத்தாழ இரண்டு வருடம். சம்பளம் அனுப்பவும் ஆளில்லை, கர்னல்களிடம் சிபாரிசு பேசவும் ஆளில்லை. ஐயர் போய்விட்டார், இனி இந்தச் சனம் கலைந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஊரில் இருந்திருப்பார்கள்.

அந்த இரண்டு வருடமும் வேதமாணிக்கம் மயிலாடியிலிருந்து சபை சபையாக நடந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் திறந்திருந்தது. மீட் ஐயர் வந்து பார்த்தபோது சனம் கலைந்திருக்கவில்லை.